அறையில் பேச வேண்டியதும் மேடையில் பேசியதும்

(கிழக்குத் தாம்பரத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

நட்பு, பொறாமை, லட்சியம் ஆகிய மூன்றையும் ஒரே படத்தை வைத்துப் பேச வேண்டும் என்று இந்தக் கூட்டத்தை நடத்தும் நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். 1997 பொங்கலுக்கு வந்த மணிரத்னத்தின் 'இருவர்' உடனே நினைவுக்கு வந்தது. அந்தப் படத்தைப் பற்றிப் பேசத் தாம்பரம் மிகப் பொருத்தமான ஊர் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

இங்கே கடற்கரை லோக்கலில் ஏறினால் ஏழாவது ஸ்டேஷன் பரங்கிமலை. எம்.ஜி.ஆர். முதல்முறையாகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது அந்தப் பரங்கிமலைத் தொகுதியிலிருந்துதான், 1967-ல். 1971-லும் அதே தொகுதி. இன்று அந்தப் பெயரில் தொகுதி இல்லை. எட்டாவது ஸ்டேஷன் கிண்டி. எம்.ஜி.ஆர். பெயரில் மருத்துவப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையும் அங்கேதான் இருக்கிறது. தெற்கே திரும்பினால் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த அந்தப் பேருந்து முனையத்துக்குக் கலைஞரின் பெயர். அதற்கு முன்னால் தென்மாவட்டத்துக்குப் போக நாம் பஸ் ஏறிய கோயம்பேட்டுக்கு எம்.ஜி.ஆர். பெயர். ஒரு காலத்தில் இந்தப் பெயர்கள் இரண்டும் ஒரே சினிமா டைட்டிலில் சேர்ந்து வந்தவை. அந்த இருவருக்கும் இடையில் நடந்ததைத்தான் ஆனந்தன், தமிழ்ச்செல்வன் என்ற இரண்டு பாத்திரங்களின் வழியாக 'இருவர்' யோசித்துப் பார்க்கிறது.

இது உண்மைக் கதை அல்ல என்று படம் தொடக்கத்திலேயே அறிவித்துவிடும். அந்த அறிவிப்பை நானும் மதிக்கிறேன். படத்தைப் பற்றிச் சொல்லும்போது ஆனந்தன், தமிழ்ச்செல்வன் என்றும், வரலாற்றைச் சொல்லும்போது எம்.ஜி.ஆர்., கலைஞர் என்றும் சொல்கிறேன். இரண்டையும் குழப்பினால் படத்துக்கும் நியாயம் இல்லை, அந்த மனிதர்களுக்கும் நியாயம் இல்லை.

படம் பார்க்காத மாணவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டூடியோ ஸ்டூடியோவாக வாய்ப்புத் தேடி அலையும் நடிகன் ஆனந்தன். அந்த வேடத்தில் மோகன்லால். கட்சி மேடையும் தமிழும் மூச்சாக இருக்கும் எழுத்தாளன் தமிழ்ச்செல்வன். அது பிரகாஷ்ராஜ். ஒருவன் எழுதுகிறான், மற்றவன் பேசுகிறான், ஊர் கை தட்டுகிறது. ஒருவன் இன்னொருவனைத் தன் தலைவரிடம் அழைத்துப் போகிறான். கட்சி வளர்கிறது, ஆட்சி வருகிறது, தலைவர் மறைகிறார், தமிழ்ச்செல்வன் முதல்வர் ஆகிறான். ஆனந்தனுக்கு மந்திரி பதவி இல்லை. பிரிகிறார்கள். ஆனந்தன் தனிக்கட்சி கண்டு நண்பனைத் தோற்கடித்து முதல்வர் ஆகிறான். பல ஆண்டு கழித்து ஒரு கல்யாண வீட்டில் இருவரும் சந்திக்கிறார்கள். மறுநாள் ஆனந்தன் இல்லை.

நட்பு எப்படி முறிகிறது என்று கேட்டால் நம்மிடம் தயாராக மூன்று பதில் இருக்கிறது. பணம், பெண், பதவி. இந்தப் படத்தில் மூன்றும் உண்டு. ஆனாலும் மூன்றும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். முதல் பாதியில் இந்த இருவரும் எங்கே பேசிக்கொள்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். ஸ்டூடியோவின் ஓரத்தில், வீட்டுக்குள், மொட்டை மாடியில். பக்கத்தில் ஆளே இருக்காது, இருந்தாலும் ஒருவர் இருவர். கதை நகர நகரச் சுற்றிலும் ஆட்கள் கூடுகிறார்கள். கடைசியில் ஒருவன் சொல்வதை இன்னொருவன் ஒலிபெருக்கி வழியாகவோ, பத்திரிகை வழியாகவோ, ஓடி வந்து சொல்லும் மூன்றாம் மனிதர் வழியாகவோதான் கேட்கிறான். நண்பனிடம் அறைக்குள் சொல்ல வேண்டியதை மேடையில் ஊருக்குச் சொல்லத் தொடங்கும்போது நட்பு முடிந்துவிடுகிறது. படம் பார்க்கப் பார்க்க எனக்கு உறுதிப்பட்டது இதுதான். இன்று நான் சொல்ல வந்ததும் இதுதான்.

முதலில் அந்த அறையைப் பார்ப்போம். படத்தின் தொடக்கத்தில், தமிழ்ச்செல்வன் எழுதிய வசனத்தை ஆனந்தன் முதன்முதலாக வாய்விட்டுப் பேசும் இடத்துக்கு வாருங்கள். அங்கே நாம் ஆனந்தனைப் பார்க்கிறோம், ஏனென்றால் அவன்தான் பேசுகிறான். அடுத்த முறை பார்க்கும்போது தமிழ்ச்செல்வனைப் பாருங்கள். தாளில் கிடந்த தன் சொல்லுக்கு இன்னொரு மனிதனின் உடம்பு கிடைத்துவிட்டதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். தன் கண்டுபிடிப்பு இவன் என்ற பெருமை அந்த முகத்தில் இருக்கிறது. எழுதுகிறவனின் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய மகிழ்ச்சி இருக்க முடியாது. பின்னால் வரப்போகும் எல்லாத் துன்பமும் அந்த மகிழ்ச்சிக்குள்ளேயே இருக்கிறது. சொல் என்னுடையது, கைதட்டு யாருடையது என்ற கேள்வி அன்று எழவில்லை. இருவரும் வெறும் ஆட்களாக இருந்த நாளில் அது எழாது.

வரலாற்றிலும் இப்படி ஓர் அறை இருந்தது. கோயம்புத்தூரில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் ஜூபிடர் நிறுவனமும் இயங்கிய காலம். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான 'ராஜகுமாரி' 1947-ல் வந்தது. ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய அந்தப் படத்தின் வசனத்தில் கலைஞரின் பங்கு உண்டு. ஒருவருக்கு முப்பது வயது, மற்றவருக்கு இருபத்து மூன்று. முப்பது வயதுக்காரர் கதர் கட்டிய காங்கிரஸ்காரர், பக்திமான். இளையவர் பெரியாரையும் அண்ணாவையும் பின்பற்றியவர். மூத்தவர் காந்தியின் நூல்களைக் கொடுக்க, இளையவர் அண்ணாவின் நூல்களைக் கொடுத்தார் என்று அந்தக் காலத்து நினைவுகளில் படிக்கிறோம். கொள்கையில் எதிரெதிரே நின்ற இரண்டு இளைஞர்கள் புத்தகம் மாற்றிக்கொண்டார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. இன்று எதிர்க் கருத்துக்காரனுக்கு நாம் புத்தகம் கொடுக்கிறோமா? அப்புறம் 1950-ல் 'மந்திரி குமாரி', 1954-ல் 'மலைக்கள்ளன்'. இதற்கிடையே 1953-ல் எம்.ஜி.ஆர். தி.மு.க.வில் சேர்ந்தார். சொல்லும் முகமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

இனிப் பொறாமை. வள்ளுவர் அழுக்காறாமையை அரசியலில் வைக்கவில்லை, இல்லறவியலில் வைத்தார். இது எனக்கு நெடுநாள் யோசனை தந்த விஷயம். பகைவனையும் படையையும் பேசும் பொருட்பாலில் இடம் இல்லாமலா போய்விட்டது? பொறாமை வீட்டுச் சங்கதி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறோம்? மும்பையில் இருக்கும் கோடீஸ்வரரைப் பார்த்து யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. கூடப் படித்தவன், அக்கா மகன், ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த சக ஊழியர், நாம் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தவர் என்று பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் கெடுகிறது. நமக்கும் அவனுக்கும் தொடக்கம் ஒன்று என்ற நினைப்புதான் அதற்கு விதை.

'அமாடியஸ்' என்றொரு படம், 1984-ல் மிலோஷ் ஃபோர்மன் எடுத்தது, உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். அதில் சாலியேரி என்ற அரண்மனை இசைக் கலைஞர் மோட்ஸார்ட்டைப் பார்த்து வெந்து போகிறார். அந்தச் சபையில் மோட்ஸார்ட்டின் இசை எவ்வளவு பெரியது என்று முழுமையாகப் புரிந்தது சாலியேரி ஒருவருக்குத்தான். மற்றவர்களுக்குப் புரியவில்லை, ஆகவே அவர்களுக்குப் பொறாமையும் இல்லை. தமிழ்ச்செல்வனும் அப்படித்தான். கட்சியில் மற்றவர்கள் ஆனந்தனை ஒரு நடிகன் என்று நினைக்கிறார்கள். அந்த முகத்துக்குப் பின்னால் வரும் ஜனம் எவ்வளவு என்று முதலில் அளந்தவன் தமிழ்ச்செல்வன். அளந்தவனுக்குத்தான் பயமும் முதலில் வரும்.

ஆனந்தன் பக்கத்திலும் ஒரு குறை இருக்கிறது. அவனுக்குக் கிடைத்த கூட்டம் அவன் பேசிய சொல்லுக்காக வந்ததா, அவனுக்காக வந்ததா என்று அவனுக்கே தெரியாது. நண்பன் இல்லாமல் தனக்கு ஒரு குரல் உண்டா என்று அறிந்துகொள்ளும் ஆசை அவனை அரித்திருக்க வேண்டும். தன் காலில் நிற்க வேண்டும் என்ற அந்த ஆசையில் தப்பே இல்லை. ஆனால் தூக்கிவிட்டவருக்கு அது நன்றிகெட்ட செயலாகத் தெரியும். ஒரே காரியம் ஒருவருக்கு விடுதலையாகவும் மற்றவருக்குத் துரோகமாகவும் படுகிற இடத்தில்தான் நட்புக்கு மிகக் கஷ்டமான சோதனை.

இந்தப் படத்துக்காகப் பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது, சிறந்த துணை நடிகர் என்று. ஒளிப்பதிவுக்காகச் சந்தோஷ் சிவனுக்கும் கிடைத்தது. இரண்டும் தகுதியானவையே. ஆனாலும் 'இருவர்' என்று பெயர் வைத்த படத்தில் ஒருவரைத் துணை என்று வகைப்படுத்த வேண்டி வந்ததை நினைத்துப் பாருங்கள். யார் நாயகன், யார் துணை என்ற கேள்விதானே அந்த இரண்டு பாத்திரங்களையும் பிரித்தது!

லட்சியத்துக்கு வருகிறேன். நம் சினிமா லட்சியத்தைப் பற்றி இரண்டு விதமாகப் பேசும். ஏழை வைராக்கியத்தோடு உயர்ந்தால் அது நல்ல லட்சியம், பணக்காரன் உயர நினைத்தால் அது பேராசை. 1992-ல் வந்த 'அண்ணாமலை' நம் எல்லோருக்கும் பிடித்த படம். பால்காரரும் ஓட்டல் முதலாளியின் மகனும் உயிர் நண்பர்கள். வீடு இடிபடுகிறது, நட்பு உடைகிறது, பால்காரர் சவால் விட்டு மேலே வருகிறார். அந்தப் படத்தில் நட்பை உடைப்பவர் நண்பனின் அப்பா. கெட்டவர் ஒருவர் வெளியே இருக்கிறார், அவரைக் கண்டுபிடித்துவிட்டால் நண்பர்கள் சேர்ந்துவிடலாம். பார்க்கிற நமக்கு அது பெரிய நிம்மதி. 1991-ல் மணிரத்னமே எடுத்த 'தளபதி'யில் நட்பு இன்னும் உறுதி. கர்ணனும் துரியோதனனும் அங்கே சூர்யாவாகவும் தேவாவாகவும் வருகிறார்கள். அவர்களுக்குள் ஏன் பொறாமை வரவில்லை? இருவரும் ஒரே பொருளை விரும்பவில்லை, அவ்வளவுதான். தேவாவின் நாற்காலி சூர்யாவுக்கு வேண்டாம்.

ஆறு வருஷம் கழித்து அதே இயக்குநர் இன்னும் கடினமான கேள்வியைக் கையில் எடுத்தார். இரண்டு நண்பர்களுக்கும் வேண்டியது ஒன்றேயாக இருந்தால், அதை இரண்டாகப் பங்கு போடவும் முடியாது என்றால் என்ன ஆகும்? 'இருவர்' படத்தில் அந்தப் பொருள் ஜனங்களின் அன்பு. இங்கே வில்லன் கிடையாது. இருவரும் திறமைசாலிகள், இருவரும் உழைத்தவர்கள், இருவருக்கும் ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் உண்டு. படம் வந்தபோது ஓடாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். யார் பக்கம் நிற்பது என்று படம் சொல்லவில்லை. ரசிகனுக்குப் பக்கம் வேண்டும்.

லட்சியத்தைப் படம் எங்கும் குற்றம் சொல்லவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். லட்சியம் இல்லாவிட்டால் இந்த நட்பே பிறந்திருக்காது. அவர்களைச் சேர்த்ததும் லட்சியம்தான். நண்பர்கள் என்றால் ஆசையில்லாமல் இருக்க வேண்டும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

மந்திரி பதவி கேட்கும் கட்டம் படத்தின் அச்சாணி. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆனந்தன் கேட்கிறான், தமிழ்ச்செல்வன் கட்சியைக் காட்டுகிறான், விதியைக் காட்டுகிறான். வரலாற்றிலும் 1971 தேர்தலுக்குப் பிறகு இதே மாதிரிப் பேச்சு எழுந்தது. எம்.ஜி.ஆர். மந்திரியாக விரும்பினார், நடிப்பதை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று பதில் வந்தது என்று அந்தக் கால அரசியலைப் பதிவு செய்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். பின்னணியையும் மறக்கக் கூடாது. 1969 பிப்ரவரி 3-ல் அண்ணா மறைந்தார். அடுத்த முதல்வர் யார் என்ற கேள்வியில் நெடுஞ்செழியன் பெயர் இருந்தபோது கலைஞருக்கு ஆதரவாக உழைத்தவர்களில் எம்.ஜி.ஆர். முக்கியமானவர். 1967 ஜனவரி 12-ல் ராமாவரம் வீட்டில் எம்.ஆர். ராதா சுட்ட குண்டைக் கழுத்தில் தாங்கியவர் அவர். கழுத்தில் கட்டோடு இருந்த அவருடைய படம் அந்தத் தேர்தல் சுவரொட்டியில் ஊர் ஊராகப் போனது. பரங்கிமலை வாக்காளர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தவரைத்தான் ஜெயிக்க வைத்தார்கள். இத்தனையும் செய்தவர் ஒன்று கேட்கிறார்.

வள்ளுவர் நட்புக்கு ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. நடுவில் இருக்கும் பழைமை என்ற அதிகாரத்தை நாம் பள்ளியில் அதிகம் படிப்பதில்லை. பழகிய நண்பன் உரிமையோடு, கேட்காமலே ஒரு காரியம் செய்துவிட்டால் அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அங்கே பொருள். ஆனந்தன் பழைமையின் உரிமையில் கேட்கிறான். தமிழ்ச்செல்வன் பதவியின் விதியில் பதில் சொல்கிறான். இருவர் சொன்னதும் நியாயம்தான். முதல்வராக இருப்பவர் நண்பனுக்காக விதியை வளைத்தால் அதற்கும் பெயர் இருக்கிறது. என் வருத்தம் வேறு. முடியாது என்பதை எப்படிச் சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறதே! முடியாது என்று நண்பனிடம் நேரில், தனியாக, நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும். இது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். விதியைக் காட்டும்போது சொல்கிறவர் விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுவிட முடிகிறது. கேட்டவன் அவமானத்தோடு தனியே வீடு திரும்புகிறான்.

பிறகு மேடை. 1972 அக்டோபர் 8. இங்கிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு போய்க் கிழக்கே திரும்பினால் வரும் திருக்கழுக்குன்றத்தில், எம்.ஜி.ஆர். பொதுக்கூட்டத்தில் பேசினார். மந்திரிகளும் கட்சிப் பொறுப்பாளர்களும் குடும்பத்தாரும் சொத்துக்கணக்குக் காட்ட வேண்டும் என்றார். அவர் அப்போது கட்சியின் பொருளாளர். பொதுவாழ்வில் கணக்குக் கேட்பது குற்றம் இல்லை, கடமை. ஆனாலும் அதைக் கட்சிக்குள் கேட்காமல் வெளியே கேட்டதேன் என்று மறுபக்கம் கேட்டது. 10-ஆம் தேதி தற்காலிக நீக்கம், 14-ஆம் தேதி நிரந்தர நீக்கம், 17-ஆம் தேதி புதுக்கட்சி. கால் நூற்றாண்டு நட்பு ஒன்பது நாளில் முடிந்தது என்று எழுதினார்கள். ஒன்பது நாளில் எந்த நட்பும் முடியாது. அதற்கு முன் எத்தனையோ மாதங்களாக இருவரும் அறையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியிருக்க மாட்டார்கள். அந்த வருஷம்தான் கலைஞரின் மகன் மு.க. முத்து 'பிள்ளையோ பிள்ளை' படத்தில் கதாநாயகனாக வந்தார். எம்.ஜி.ஆர். பாணியில் இன்னொரு நாயகனை வளர்க்கிறார்கள் என்ற பேச்சு ரசிகர் மன்றங்களில் ஓடியது. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்பது இருக்கட்டும். அதைப் பற்றி நண்பரிடம் நேரே கேட்டுத் தெளியும் உறவு அப்போது இல்லாமல் போயிருந்தது. அதுதான் சேதம்.

இதில் நமக்கு என்ன என்று இளைஞர்கள் கேட்கலாம். நாம் யாரும் கட்சி நடத்தவில்லை. ஆனால் மேடை நம் எல்லோர் கையிலும் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த இரண்டு பேர், குரோம்பேட்டையில் ஒரு மாடி அறையில் டியூஷன் சென்டர் ஆரம்பித்தார்கள். ஒருவர் கணக்கு, மற்றவர் இயற்பியல். வெள்ளைப் பலகை வாங்கப் பணம் போதாமல் கரும்பலகையைத் தாங்களே பெயிண்ட் அடித்தவர்கள். பிள்ளைகள் சேர்ந்தார்கள். கணக்கு வாத்தியாருக்குக் கொஞ்சம் கூடுதல் பெயர், ஏனென்றால் பெற்றோர் மார்க் ஷீட்டில் முதலில் பார்ப்பது கணக்கைத்தான். நோட்டீசில் யார் படம் பெரிதாகப் போட்டிருக்கிறது என்பதில் தொடங்கியது. இயற்பியல் வாத்தியார் அதை நண்பரிடம் கேட்கவில்லை. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு தத்துவம் போட்டார், ஏணியை உதைத்துவிட்டு ஏறுகிறவர்களைப் பற்றி. மற்றவர் பார்த்தார், அவரும் கேட்கவில்லை. பதிலுக்கு அவர் ஒரு தத்துவம் போட்டார். இருவரும் பிரியப் போகிறார்கள் என்பது பெற்றோர் குழுவில் இருந்த எல்லோருக்கும் இரண்டு மாதத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. கடைசியாகத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள் இருவரும்தான். இன்று ஒரே தெருவில் இரண்டு போர்டு தொங்குகிறது.

ஒரு வரி கேட்டிருந்தால் போதும். ஏன் உன் படம் பெரிதாக இருக்கிறது? பதில் பெரும்பாலும் மிகச் சாதாரணமாக இருந்திருக்கும், பிரஸ்காரர் அப்படிப் போட்டுவிட்டார் என்று. இந்தக் கேள்வியைக் கேட்க ஏன் நாக்கு எழவில்லை? கேட்டால் நான் சின்னவனாகிவிடுவேன் என்ற பயம். பொறாமையை ஒப்புக்கொள்வதைப் போல வெட்கம் தரும் காரியம் வேறு இல்லை. கோபத்தை ஒப்புக்கொள்ளலாம், அதில் ஒரு வீரம் உண்டு. எனக்கு உன் மேல் பொறாமையாக இருக்கிறது என்று நண்பனிடம் சொன்னவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? 'இருவர்' படத்தில் அந்த வாக்கியம் ஓரிடத்திலும் வரவில்லை. அது சொல்லப்படாமல் கிடக்கிற இடங்களில்தான் கொள்கை, கட்சி, மக்கள், விதி என்ற பெரிய சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரேவதி, கௌதமி, தபு, இந்தப் படத்தில் அறிமுகமான ஐஸ்வர்யா ராய் என்று நல்ல நடிகைகள் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு ஆண்களின் நட்பு முறிவதை மிக அருகில் இருந்து பார்த்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். அவர்களுக்கு என்ன தெரிந்தது, அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்களா என்பதற்குள் படம் போகவில்லை. அதை நான் குறையாகவே பார்க்கிறேன். குடும்ப நண்பர்கள் பிரியும்போது ஆண்கள் பேச்சை நிறுத்திய பிறகும் பெண்கள் வழியாக ஒரு நூல் மிஞ்சியிருக்கும். நம் ஊர்க் குடும்பங்களில் பார்த்திருக்கிறோம்.

கடைசிக் காட்சியில், இளமையில் இருவரும் கூடிய இடத்துக்குத் தமிழ்ச்செல்வன் தனியே வந்து நண்பனை நினைத்துக் கவிதை சொல்கிறான். வைரமுத்து எழுதியது. முதல் பாதியில் அறையில் இருந்த தமிழ் மறுபடியும் வந்துவிடுகிறது, கேட்க வேண்டியவன் மட்டும் இல்லை. வரலாற்றில், 1987 டிசம்பர் 24 அதிகாலை எம்.ஜி.ஆர். மறைந்த செய்தி கேட்டுக் கலைஞர் ராமாவரம் தோட்டத்துக்குப் போய் அஞ்சலி செலுத்தினார். அந்த நாட்களில்தான் அண்ணா சாலையில் இருந்த கலைஞரின் சிலையைக் கூட்டம் உடைத்தது. ஒரு மனிதர் கடப்பாரையால் சிலையை இடிக்கும் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். உடைத்தவர்களுக்கு அந்தக் கோயம்புத்தூர் நாட்கள் தெரியாது. மேடையில் கேட்டது மட்டுமே அவர்களுக்குத் தெரியும். நண்பர்களின் சண்டையைத் தொண்டர்கள் நண்பர்களை விட உண்மையாக நம்பிவிட்டார்கள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1979 செப்டம்பரில், ஒரிசா தலைவர் பிஜு பட்நாயக் முயற்சி எடுத்து, இரண்டு கட்சிகளையும் இணைப்பது பற்றிப் பேச இருவரையும் சேப்பாக்கம் அரசு விருந்தினர் மாளிகையில் சந்திக்க வைத்தார். எம்.ஜி.ஆர். அப்போது முதல்வர், கலைஞர் எதிர்க்கட்சித் தலைவர். ஏழு ஆண்டுப் பகைக்குப் பிறகு இருவரும் ஓர் அறையில் தனியே பேசினார்கள். நல்லபடியாகவே பேசினார்கள் என்று கலைஞர் பின்னாளில் எழுதியும் சொல்லியும் இருக்கிறார். மறுநாள் வேலூரில் அ.தி.மு.க. கூட்டம். இணைப்பைப் பற்றி அங்கே நல்ல சொல் வரவில்லை, எதிர்ப்பேச்சுதான் வந்தது. முயற்சி அதோடு நின்றது.

இந்தச் சேப்பாக்கம் சந்திப்பு 'இருவர்' படத்தில் இல்லை. அதற்குப் பதிலாகக் கல்யாண வீட்டுச் சந்திப்பு இருக்கிறது. மிக அழகாக எடுத்திருக்கிறார்கள், எனக்கும் கண் கலங்கும். ஆனாலும் நான் இயக்குநராக இருந்திருந்தால் சேப்பாக்கத்தைத்தான் எடுத்திருப்பேன். கல்யாண வீட்டில் காலம் கடந்துவிட்டது, இனிச் செய்ய ஒன்றும் இல்லை, அதனால் நமக்கு அழுவது சுலபமாகிறது. சேப்பாக்கத்தில் இருவருக்கும் உடம்பில் தெம்பு இருந்தது, கையில் கட்சி இருந்தது, அறை இருந்தது, பேசவும் செய்தார்கள். அப்படி இருந்தும் ஒரு இரவு தாண்டவில்லை. அந்த இரவில் என்ன நடந்தது, யார் யார் வந்து என்னென்ன சொன்னார்கள் என்பதை ஒரு படமாக யாராவது எடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கல்யாண வீட்டுக் காட்சியே சரி என்று நினைப்பவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க விரும்புகிறேன். எழுந்து பேசுங்கள்.